பல் வந்த பிள்ளைக்குப் பால்: எந்த நேரத்தில் கடிக்கிறது என்று பார்த்து வழி தேடுவது

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் பல் தெரிந்தால் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தித் தலையில் சின்னக் கொழுக்கட்டைகளைக் கொட்டுவார்கள். முன்னால் புத்தகம், பேனை, நகை என்று பரப்பிவிட்டு எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்தி வைத்திருப்பார்கள், பார்க்க வடிவாக இருக்கும். அந்தப் பல் அடுத்த கிழமை எங்கே இறங்கும் என்று அன்றைக்கு ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

மூத்தவளுக்கு அப்போது எட்டு மாதம். கடித்தாள். வீடே அதிரக் கத்தினேன். பயந்துபோய் வாயை எடுத்தவள் பிறகு மூன்று நாள் மார்பில் வாய் வைக்கவில்லை. “பிள்ளையே வேண்டாம் எண்டு சொல்லுது, நிப்பாட்டிப் போடு பிள்ளை” என்றார் மாமி. நிற்பாட்டினேன். அவள் பால் மறக்கவில்லை, பயத்தில் மறுத்திருக்கிறாள் என்பது இளையவன் பிறந்த பிறகு எங்கள் பகுதி மருத்துவமாது சொல்லித்தான் தெரிந்தது. இளையவன் நாலு பல், எட்டுப் பல், பதினாறு பல் என்று எல்லாவற்றோடும் இரண்டு வயது தாண்டும் வரை குடித்தான். அவனும் கடித்தான்தான். ஆனால் அந்த முறை எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தது.

பார்க்க வேண்டியது இதைத்தான். பிள்ளை பாலை இழுத்து விழுங்கும்போது அதன் நாக்கு கீழ் முரசுக்கு (இந்தியாவில் ஈறு என்பார்கள்) மேலால் நீண்டு வந்து, காம்புக்கு அடியில் படுத்திருக்கும். கீழ்ப் பல்லு இரண்டும் நாக்குக்குக் கீழே மூடுண்டு கிடக்கும். உங்கள் நாக்கைக் கீழுதட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு பல்லை இறுக்கிப் பாருங்கள், உங்கள் நாக்குத்தான் கடிபடும். பிள்ளைக்கும் அதே கதைதான். குடிக்கிற பிள்ளையால் கடிக்க முடியாது. கடிக்கிறது என்றால் அந்தக் கணத்தில் அது குடிக்கவில்லை.

அதனால் “ஏன் கடிக்கிறான்” என்று மண்டையை உடைக்க வேண்டாம். எந்த நேரத்தில் கடிக்கிறான் என்று இரண்டு நாள் கவனியுங்கள். தொடக்கத்திலா, முடிவிலா, நித்திரையிலா? கீழே அந்த ஒழுங்கில்தான் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேரே போகலாம்.

இப்போது கடித்துக்கொண்டிருக்கிறான், விடுகிறானில்லை

இழுக்காதீர்கள். கை தானாகப் பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கப் பார்க்கும், அதுதான் காம்பைக் கிழிக்கிறது. பாதிக் காயம் பல்லால் வருவதில்லை, நாங்கள் இழுப்பதால் வருகிறது.

செய்ய வேண்டியது நேர்மாறு. பிள்ளையின் முதுகைப் பிடித்து மார்போடு இன்னும் நெருக்கமாக அணையுங்கள். மூக்கு ஒரு கணம் மார்பில் புதையும், மூச்சு எடுக்க வாயைத் திறக்கும், திறந்த உடனே காம்பை எடுத்துவிடலாம். இரண்டாவது வழி, சின்ன விரலை வாயின் ஓரத்தால் விட்டு, மேல் முரசுக்கும் கீழ் முரசுக்கும் நடுவே ஆப்பு வைப்பதுபோல நுழைப்பது. பிள்ளை கடித்தாலும் விரலைத்தான் கடிக்கும். சின்ன விரல் நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருங்கள்.

கத்த வேண்டாம் என்று எழுதுவது சுகம். முதல் முறை எல்லாரும் கத்துவோம். சில பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் பயந்து பால் மறுக்கும். வேறு சில “இன்னொருக்காக் கத்து” என்பதுபோலச் சிரித்துக்கொண்டு திரும்பக் கடிக்கும். இரண்டுமே எங்களுக்கு வேண்டாத வேலை. இரண்டாவது முறையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல், “கடிக்கக் கூடாது, அம்மாக்கு நோகும்” என்று சொல்லி, மார்பை மூடி, பிள்ளையைப் பக்கத்தில் ஒரு நிமிடம் இருத்துங்கள். பசி இருந்தால் திரும்பக் கேட்கும், அப்போது கொடுங்கள். ஏழு மாதப் பிள்ளைக்கு உங்கள் வசனம் விளங்காது. ஆனால் கடித்தால் பால் நிற்கும் என்பது நாலைந்து தடவையில் விளங்கிவிடும்.

கன்னத்தில் தட்டுவது, மூக்கைப் பொத்துவது, திருப்பிக் கடித்துக் காட்டுவது என்று ஊரில் பல வைத்தியம் இருக்கிறது. ஒன்றும் வேண்டாம். நோகவைத்த இடத்துக்குப் பிள்ளை நம்பி வராது.

குடித்து முடிகிற நேரத்தில் கடிக்கிறான்

பத்துக் கடியில் ஏழெட்டு இந்த வகைதான் என்பது என் அனுபவக் கணக்கு. பசி அடங்கிவிட்டது, பால் வரத்தும் குறைந்துவிட்டது, ஆனால் வாயில் காம்பு கிடக்கிறது. முரசு தினவெடுக்கிறது. பிறகென்ன?

இதற்கு மருந்து உங்கள் கண்தான். பால் வருகிறபோது பிள்ளையின் காதுக்கு முன்னால், கன்னப்பொறி அசைந்து அசைந்து வரும், இரண்டு இழுவைக்கு ஒரு விழுங்கல் சத்தம் கேட்கும். முடியப் போகும்போது விழுங்கல் நிற்கும். இழுவை சின்னச் சின்னதாய் நடுங்குவதுபோல் ஆகும். பிறகு நாடி (முகவாய்) ஒரு கணம் அப்படியே நிற்கும். நாக்கு உள்ளே போகும், அது வெளியில் தெரியாது, ஆனால் காம்பு வாயின் முன்பக்கம் வழுக்கி வருவதை உங்களால் உணர முடியும். இளையவனுக்கு இன்னொன்றும் இருந்தது. கடிக்க முதல் கடைக்கண்ணால் என்னை ஒருக்காப் பார்ப்பான். அந்தப் பார்வை வந்தால் இரண்டு செக்கன்தான் அவகாசம்.

நாடி நின்ற உடனே, கடிக்க முதல், விரலை விட்டு எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் கடிக்கச் சந்தர்ப்பமே கிடையாது, பழக்கமும் விட்டுப்போகும். இதற்காகக் கொஞ்ச நாள் கைத்தொலைபேசியை அந்தப் பக்கம் வைக்க வேண்டிவரும். எனக்கு விழுந்த மிக மோசமான கடி நான் ஒரு நாடகத்தின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்தது.

பால் இன்னும் இருக்கிறது, வரத்து மட்டும் மெதுவாகிவிட்டது என்று தோன்றினால் மார்பைக் கையால் மெதுவாக அமத்தி விடுங்கள். திரும்ப விழுங்கத் தொடங்கினால் சரி. இல்லாவிட்டால் மற்றப் பக்கம் மாற்றுங்கள்.

எட்டு மாதத்துக்கு மேல் பிள்ளைகள் கெதியாகக் குடித்து முடிப்பார்கள். முன்பு 30 நிமிடம் எடுத்தது இப்போது பத்து நிமிடத்தில் முடியலாம். “இன்னும் கொஞ்சம் குடி” என்று வாயில் வைத்து அழுத்துவதும் கடி வாங்க ஒரு நல்ல வழி.

வாய் வைத்த உடனேயே கடிக்கிறான்

இதில் மூன்று காரணத்தைப் பாருங்கள்.

முதலாவது, முரசு நோ. பல் வெளிவர முதல் இரண்டு மூன்று நாள் முரசு தடித்து, வெளிறி, மினுங்கிக்கொண்டு நிற்கும். கையைக் கழுவிவிட்டு விரலால் தடவிப் பார்த்தால் கூராகத் தட்டுப்படும். பால் கொடுக்க முதல் அவன் ஆசை தீரக் கடிக்க ஒன்றைக் கொடுங்கள். சுத்தமான துணியை நனைத்துப் பிரிட்ஜில் அரை மணித்தியாலம் வைத்து எடுத்தால் போதும். உறைபெட்டியில் வைத்துக் கல்லாக்கினால் முரசில் காயம் வரும். உங்கள் சுத்தமான விரலால் முரசை அழுத்தித் தேய்த்து விட்டாலும் சுகப்படும்.

இரண்டாவது, மூக்கடைப்பு. தடிமல் பிடித்த பிள்ளையால் வாயை மூடிக் குடித்துக்கொண்டு மூக்கால் மூச்சுவிட முடியாது. விட்டு விட்டுக் குடிக்கும், காம்பு வழுக்கும், பிடித்து நிறுத்தப் பல்லைப் பாவிக்கும். உப்புநீர்ச் சொட்டு மருந்து பாமசியில் கிடைக்கும். பால் கொடுக்கக் கொஞ்சம் முதல் விட்டுத் துடைத்துவிட்டு, பிள்ளையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி இருத்திக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கொடுக்கும்போது மட்டும் கடித்து அழுதால் காதுக்குள் நோ இருக்கக் கூடும், டொக்டரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, சூப்பி. போத்தல் சூப்பியையும் வெறும் சூப்பியையும் பிள்ளை முரசால் நெரித்துப் பழகியிருக்கும், நெரித்தாலும் ரப்பர் ஒன்றும் சொல்லாது. அதே வாய்தான் மார்புக்கும் வருகிறது. வேலைக்குப் போகிற அம்மாவாக இருந்தால் பாலைப் பீச்சி வைத்துவிட்டுக் கோப்பையாலோ கரண்டியாலோ கொடுக்கச் சொல்லலாம். ஆறு மாதம் தாண்டிய பிள்ளை கோப்பையில் நன்றாகவே குடிக்கும், சட்டை நனையும், அவ்வளவுதான். பீச்சிய பால் அறையில் நாலு மணித்தியாலம், பிரிட்ஜில் நாலு நாள். எங்கள் ஊர்ச் சித்திரை வெய்யிலில் அந்த நாலு மணித்தியாலத்தை நம்பாமல் நேரே பிரிட்ஜில் வையுங்கள்.

மூன்றும் இல்லையென்றால் பசி இல்லை என்று அர்த்தம். அழுகிற நேரமெல்லாம் மார்பைக் கொடுப்பது எங்கள் கைப்பழக்கம். ஆனால் ஒன்பது மாதப் பிள்ளைக்கு அழ வேறு காரணமும் இருக்கும்.

நித்திரையில் பல்லை இறுக்குகிறான்

இதில் குறும்பு ஒன்றும் இல்லை. நித்திரை ஆழமாகும்போது காம்பு வாயைவிட்டு வழுக்குகிறது, பிள்ளை அதை இழக்காமல் இருக்க இறுக்குகிறது. நித்திரையானதும் காம்பை வாயில் விட்டுவைக்காமல் விரல் விட்டு எடுத்துவிட்டு, நாடியை உள்ளங்கையால் மெதுவாகத் தாங்கி வாயை மூடிவிடுங்கள். முதல் நாலைந்து இரவு எழும்பி அழும். பிறகு பழகிவிடும். படுத்தபடி கொடுத்துக்கொண்டு நீங்களும் கண்ணயர்ந்துவிடுகிற ஆள் என்றால் உங்களுக்குத்தான் இந்தக் கடி அதிகம் விழும். எனக்கு விழுந்தது.

சிரித்துக்கொண்டு கடிக்கிறான், என் முகத்தையே பார்க்கிறான்

இது விளையாட்டு. பத்து மாதத்துப் பிள்ளைக்கு “இதைச் செய்தால் அம்மா என்ன செய்வா” என்பது பெரிய ஆராய்ச்சி. சத்தமில்லாமல், சிரிக்காமல், பாலை நிற்பாட்டி ஒரு நிமிடம் இருத்துங்கள். வீட்டில் மற்ற ஆட்களும் சிரிக்கக் கூடாது. என் வீட்டில் இவரை அறையை விட்டு வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

ஆள்நடமாட்டம், தொலைக்காட்சி, ஓடித்திரிகிற மூத்த பிள்ளை எல்லாம் இருக்கிற இடத்தில் பிள்ளை காம்பை வாயில் வைத்தபடியே தலையைத் திருப்பிப் பார்க்கும். அது கடியை விட மோசமாக நோகும். கொஞ்ச நாளைக்கு அறைக்குள் போய்க் கொடுங்கள். கையில் பிடித்து விளையாட ஒரு மணிமாலையையோ சேலைத் தலைப்பையோ கொடுத்தால் சில பிள்ளைகள் திரும்பாது. தாலிக்கொடி அவன் கைக்கு எட்டாமல் இருந்தால் நல்லது.

கடிக்கவில்லை, ஆனால் நோகிறது, மேலே பல்லின் அச்சு விழுகிறது

மேல் பல்லு எட்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வரும். மேல் பல்லை மூட நாக்கு இல்லை. அதனால் கறுத்த வட்டத்தின் மேல்பக்கம் மெல்லிய அச்சு விழுவது சாதாரணம். அரை மணித்தியாலத்தில் மறைந்தால் கவலை வேண்டாம்.

அச்சு ஆழமாக விழுந்தாலோ தோல் உரிந்தாலோ பிள்ளை மார்பைப் பிடிக்கிற விதம் மாறிவிட்டது. காரணம் பெரும்பாலும் பாரம்தான். பிறந்தபோது 3 கிலோ இருந்த பிள்ளை இப்போது 8, 9 கிலோ. பத்து நிமிடத்தில் உங்கள் கை தாழ்கிறது, பிள்ளை கீழே சறுக்குகிறது, வாய் காம்பின் நுனியில் தொங்குகிறது. தலையணை ஒன்றை முழங்கைக்குக் கீழே வையுங்கள். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றைத் தொட வேண்டும். மூக்கு காம்புக்கு நேரே வர, தலை கொஞ்சம் பின்னுக்குச் சாய, நாடி முதலில் மார்பில் அழுந்த, வாயை அகலத் திறந்து பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் காம்பு அண்ணத்தின் பின்பக்கத்து மெதுவான இடத்துக்குப் போய்விடும், பல்லுக்கு எட்டாது. பிறந்த கிழமையில் ஆஸ்பத்திரியில் மிஸி (தாதியையும் மருத்துவமாதுவையும் இப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லித்தந்த அதே பாடம். எட்டாம் மாதத்தில் நாங்கள் அதை மறந்துவிடுகிறோம், பிள்ளை தானாகக் குடிக்கிறதே என்று.

ஒவ்வொரு இழுவைக்கும் எரிகிறது, குடித்து முடிந்த பிறகும் எரிவு நிற்கவில்லை, காம்பு மினுங்கிச் சிவந்திருக்கிறது, பிள்ளையின் வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை என்றால் அது பூஞ்சணமாக இருக்கலாம். அம்மா, பிள்ளை இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். காம்பு வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து குத்தினால் இரத்தக் குழாய் சுருங்குவது காரணமாக இருக்கலாம். பிள்ளை வாயெடுத்த உடனே காம்பைக் காற்றுப் படாமல் மூடிச் சூடாக வைத்திருங்கள்.

இன்னொன்றும் உண்டு. மாதவிடாய் திரும்ப வருகிற நாட்களில் பால் வரத்துக் கொஞ்சம் குறையலாம், காம்பும் நோகலாம். மாதவிடாய் வராமலே திடீரென்று காம்பு நோகத் தொடங்கினால், சோதித்துப் பாருங்கள், வயிற்றில் அடுத்தது இருக்கலாம். அதற்காகக் குடிக்கிற பிள்ளையைச் சட்டென்று நிற்பாட்ட வேண்டியதும் இல்லை, உங்கள் கிளினிக்கில் கதையுங்கள்.

தோல் கிழிந்துவிட்டது, இரத்தம் வருகிறது

தண்ணீரால் கழுவுங்கள். சவர்க்காரம், டெட்டோல், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். கடைசியாகப் பீச்சிய பாலில் ஒரு துளியைக் காயத்தில் தடவிக் காய விடுங்கள். தூய லனோலின் களிம்பு கிடைத்தால் மெல்லியதாகப் பூசலாம், பால் கொடுக்க முதல் துடைக்கத் தேவையில்லை. நோவுக்குப் பரசிட்டமோல் எடுக்கலாம், பாலுக்குப் பங்கமில்லை.

காயமில்லாத பக்கத்தில் தொடங்குங்கள். முதல் பசியின் வேகம் அந்தப் பக்கத்தில் அடங்கிவிடும். காயப் பக்கம் கொடுக்கும்போது பிள்ளையைப் பிடிக்கிற விதத்தை மாற்றினால், உதாரணமாகக் கால் உங்கள் கக்கத்துப் பக்கம் போகிறாற்போல் வைத்தால், பல் வேறு இடத்தில் படும். தாங்கவே முடியாவிட்டால் ஒரு நாள், இரண்டு நாள் அந்தப் பக்கத்தைக் கையால் பீச்சிக் கோப்பையில் கொடுங்கள். பீச்சாமல் விட்டால் பால் கட்டும், அது வேறு கதை.

பிள்ளை கொஞ்சம் இரத்தம் விழுங்கினால் மலம் கறுப்பாகப் போகலாம், வாந்தியில் சிவப்பு நூல் தெரியலாம். காயத்திலிருந்து வந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அம்மாவுக்கு எச்ஐவி அல்லது ஹெபடைடிஸ் சி இருந்தால் மட்டும், இரத்தம் வருகிற பக்கத்தைக் கொடுக்காமல் டொக்டரிடம் கேளுங்கள்.

மார்பில் ஒரு இடம் கட்டி, சிவந்து, காய்ச்சல்

கடித்த காயத்தாலும், நோவுக்குப் பயந்து ஒரு பக்கத்தைக் கொடுக்காமல் விட்டதாலும் வரும். பால் கட்டு என்று சொல்லிச் சுடுதண்ணீர் ஒத்தடம் போட்டு, கட்டியை அமத்திப் பிசைந்து உடைப்பதுதான் ஊர் வழக்கம். என் அம்மம்மா அப்படித்தான் சொன்னார். தாய்ப்பாலூட்டல் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2022 இல் வெளியிட்ட வழிகாட்டல் வேறு விதமாகச் சொல்கிறது. பலமாகப் பிசைந்தால் உள்ளே வீக்கம் கூடும். குளிர் ஒத்தடம் வையுங்கள், பிள்ளை கேட்கிற அளவுக்கு வழமைபோலக் கொடுங்கள், வெறுமையாக்க வேண்டும் என்று மேலதிகமாகப் பீச்சவும் வேண்டாம். சட்டென்று நிற்பாட்டவும் வேண்டாம், அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதி செய்யாது.

ஒரு நாளில் காய்ச்சல் குறையாவிட்டால், குளிர் நடுக்கம் இருந்தால், கட்டி மெதுமெதுவென்று சீழ்போலத் தட்டுப்பட்டால் ஆஸ்பத்திரி. தருகிற அன்டிபயோட்டிக்கை நோ நின்றவுடன் விடாமல் முழுக்க எடுங்கள்.

கடித்த பிறகு திடீரென்று குடிக்கவே மாட்டேன் என்கிறான்

இதில்தான் நான் மூத்தவளிடம் தோற்றேன், அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒரு வயதுக்கு முதல் பிள்ளை தானாக, அதுவும் ஒரே நாளில், பால் மறப்பது அரிது. மறக்கிற பிள்ளை கிழமைக் கணக்கில் மெதுவாகக் குறைத்துக்கொண்டு போகும், சந்தோசமாக இருக்கும். மறுக்கிற பிள்ளை மார்பைக் கண்டால் வளைந்து அழும், பசியோடும் இருக்கும். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை.

பெரும்பாலும் இரண்டு நாளிலிருந்து நாலு நாளில் முடியும், சிலருக்குக் கூடலாம். அதுவரைக்கும் இரண்டு வேலை. உங்கள் பால் வற்றாமல், அவன் குடிக்கிற நேரங்களில் பீச்சிக் கோப்பையால் கொடுங்கள். மற்றது, மார்பைச் சண்டைக் களமாக்க வேண்டாம். வாயில் திணிக்காதீர்கள். சட்டை இல்லாமல் நெஞ்சோடு படுக்க விடுங்கள், அவ்வளவு போதும். அரை நித்திரையில், இருட்டறையில், ஏணையிலிருந்து தூக்கிய உடனே, அல்லது நடந்துகொண்டே கொடுத்துப் பாருங்கள். முழிப்பில் மறுக்கிற பிள்ளை நித்திரைக் கலக்கத்தில் பிடித்துவிடும். ஒருக்காப் பிடித்தால் பயம் போய்விடும்.

ஒரு நாளில் சலம் போவது வழமையை விட நன்றாகக் குறைந்தால், வாய் காய்ந்தால், சோர்ந்து கிடந்தால் நாலு நாள் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கொண்டுபோங்கள்.

முரசு நோவுக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது

ஈரத் துணி, குளிர வைத்த வளையம், விரல். பிள்ளை மிகவும் அந்தரப்பட்டால் நிறைக்கு ஏற்ற அளவில் பரசிட்டமோல் சிரப், அளவை டொக்டரிடமோ மருத்துவமாதுவிடமோ கேட்டு. இவ்வளவுதான் எங்கள் வீட்டில்.

ஒரு பாமசியில் முரசில் பூசுகிற விறைப்பு ஜெல் ஒன்றைத் தூக்கித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் படித்தேன், பென்சோகெயின். இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகிற ஆபத்து இதில் உண்டு என்று சொல்லி, 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பல் நோவுக்கு இதை விற்கவே கூடாது என்று அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 இல் அறிவித்தது. பாலுக்கு முதல் பூசினால் பிள்ளையின் நாக்கும் உங்கள் காம்பும் சேர்ந்து விறைக்கும், பிறகு பிடிப்பது எப்படி? முரசில் தேன் தடவுவதும் ஒரு வயது வரை கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். பல் வருகிற நோவுக்கென்று பிள்ளையின் கழுத்தில் மாட்டுகிற மணிமாலை நெரிக்கும், மணி உதிர்ந்தால் தொண்டையில் சிக்கும்.

பல் முளைக்கும்போது உடம்பு இளஞ்சூடாக இருக்கலாம். 38 பாகைக்கு மேல் காய்ச்சல் என்றால் அதைப் பல்லின் தலையில் கட்ட வேண்டாம். வயிற்றோட்டமும் அப்படித்தான். நிலத்தில் கிடந்ததை எல்லாம் வாயில் வைக்கிற வயது, கிருமி அந்த வழியால்தான் போகிறது. “பல்லு வருகுது, அதுதான் போகுது” என்று மூன்று நாள் பொறுத்து, பிள்ளை கண் உள்ளே போன பிறகு தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்பு, சீனிக் கரைசல் தூள்) கரைத்துக் கொடுங்கள், பாலை நிற்பாட்டாமல் இன்னும் அடிக்கடி கொடுங்கள், டொக்டரிடம் காட்டுங்கள்.

இரவுப் பால் பல்லைச் சூத்தையாக்குமா?

தாய்ப்பால் மட்டும் என்றால் பயம் குறைவு. ஒரு வயதுக்குப் பிறகு இரவு முழுக்கக் குடிப்பதும், பகலில் பிஸ்கட், சீனி போட்ட பால்மா, இனிப்புத் தண்ணீர் என்று பல்லில் ஒட்டிக்கிடப்பதும் சேரும்போதுதான் சூத்தை வருகிறது. முதல் பல் வந்த அன்றிலிருந்தே ஈரத் துணியால் துடைக்கலாம், பிள்ளைத் தூரிகையில் ஓர் அரிசி மணியளவு புளோரைட் பற்பசை போட்டு இரண்டு வேளை தேய்க்கலாம். முன்பல்லின் முரசோரத்தில் சுண்ணாம்புக் கோடுபோல வெள்ளை தெரிந்தால் பல் டொக்டரிடம் காட்ட நேரம் வந்துவிட்டது. ஒரு வயதுக்குள் ஒருக்காக் காட்டுவது எப்படியும் நல்லது.

“பல்லு வந்திட்டுது, இனி என்னத்துக்குப் பால்?”

இதுவும் ஒரு அறிகுறிதான், வீட்டு ஆட்களுக்கு வருவது. உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் என்கிறது. முதல் பல் ஆறாம் மாதத்தை ஒட்டித்தான் வருகிறது. பல் வந்தால் நிற்பாட்ட வேண்டும் என்றால் அந்தக் கணக்கில் ஒன்றரை வருடம் எங்கே போவது? மாமியிடம் நான் இப்படிக் கேட்கவில்லை. மருத்துவமாது வீட்டுக்கு வந்த நாளில் அவர் வாயால் சொல்ல வைத்தேன். மாமி தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டே கேட்டார், “அப்ப கடிச்சா என்ன செய்யிறது மிஸி?” மிஸி சின்ன விரலை நீட்டிக் காட்டினார். அன்றிலிருந்து இளையவன் நாடி நிற்கிறதா என்று பார்ப்பது மாமியின் வேலையாகிவிட்டது. “விரலை விடு, விரலை விடு” என்று அறைவாசலில் நின்று சொல்வார்.

உண்மையிலேயே நிற்பாட்ட நினைத்தால், அது உங்கள் முடிவு, ஒரு குறையும் இல்லை. ஆனால் காம்பில் வேப்பெண்ணெய் பூசி வெறுக்க வைக்க வேண்டாம். அது சின்னப் பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். ஒரு நாளில் ஒரு வேளைப் பாலை மட்டும் எடுத்து, நாலைந்து நாள் விட்டு அடுத்ததை எடுங்கள். இரவு நித்திரைக்குக் கொடுப்பதைக் கடைசியாக வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அந்தக் கடைசிப் பால் மட்டும் இரண்டு மாதம் இழுபட்டது. அப்போது அவனுக்குக் கடைவாய்ப்பல்லும் வந்து முடிந்திருந்தது, ஒரு நாளும் கடிக்கவில்லை.